சேஷன் ஒட்டிய கண்ணாடி

என் கணவர் சேஷன் முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசில் வேலை பார்த்து அண்டர் செக்ரெட்டரியாக ரிடையர் ஆனவர். அவ்வளவு காலத்தில் தன் கையால் ஒரு பல்பு மாட்டியதில்லை. பல்பு மாட்டப்பட வேண்டும் என்று எழுதி மேலே அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவர், எங்கள் காரின் முன் கண்ணாடியைத் தானே வீட்டில் மாற்றப்போவதாக ஒரு வியாழக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே அறிவித்தார்.

எங்கள் கார் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அது என் கார். இவருக்கு ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை தோற்றுவிட்டு, பரீட்சை வைக்கிற முறையே சரியில்லை என்று ஒதுங்கிவிட்டார். நான் ஐம்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டேன். அதுவரை டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாலு முருங்கைக்காய் வாங்க வேண்டுமென்றாலும் கூட வர இவருக்கு எப்போது ஒழியும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது நினைத்தால் சாவியை எடுத்துக்கொண்டு நாங்கள் இருக்கும் துவாரகாவிலிருந்து கிளம்பி, லக்ஷ்மிபாய் நகரில் தங்கை விஜயலக்ஷ்மி வீட்டு வாசலில் போய் ஹாரன் அடிப்பேன். மற்றவர்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள், நான் சொந்தச் சக்கரத்தில் நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணாடி உடைந்த கதையும் இவருடைய கைங்கரியம்தான். லாரியிலிருந்து தெறித்த கல் ஒன்று கடுகளவு விரிசல் வைத்திருந்தது. அது பாட்டுக்கு ஒரு ஓரமாக இருந்தது. ஜூன் மாத வெயிலில் காய்ந்து கிடந்த வண்டியைப் பார்த்து இவருக்குக் கருணை பிறந்து, ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஜக் தண்ணீரை எடுத்துப்போய் அதன் தலையில் ஊற்றினார். கடுகு ஒரே நொடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. "ஏற்கெனவே இருந்த விரிசல்தான்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

பெங்களூரில் இருக்கும் எங்கள் பிள்ளை அர்விந்துக்கு விஷயம் போயிற்று. வண்டி அவன் பேரில் இருக்கிறது. அவனுக்கு ரொம்ப நாளாக என்னை ஸ்டியரிங்கிலிருந்து இறக்க வேண்டும் என்று எண்ணம்.

"அம்மா, பதினோரு வருஷ வண்டி. அதுக்குப் புதுக் கண்ணாடி வேஸ்ட். இந்த வயசுல டெல்லி டிராஃபிக்ல உனக்கு எதுக்கும்மா ரிஸ்க்? விக்கறதுக்கு ஆப்ல போட்டாச்சு. மண்டே காலைல ஒரு பார்ட்டி வந்து எடுத்துண்டு போயிடுவான். நீ கேப் புக் பண்ணிக்கோ."

நல்லவேளை, நான் கத்துவதற்குள் இவர் போனை வாங்கினார்.

"மண்டேக்குள்ள கண்ணாடி மாட்டி, வண்டி ரோட்ல ஓடினா, அம்மாகிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா நீ சொல்றபடி."

"அச்சா. டீல்" என்றான் பிள்ளை. அப்பா கையில் ஸ்க்ரூ டிரைவர் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டான்.

கடைக்காரனைக் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து மாட்டிவிட்டுப் போகிறான். ஆனால் அரசாங்கத்தில் இருந்தவர் மூன்று கொட்டேஷன் வாங்காமல் மூச்சு விடுவாரா? வாங்கினார். முதல்வன் ரசீது கிடையாது என்றான். இரண்டாமவன் ரசீது தருகிறேன், காரண்டி கிடையாது என்றான். மூன்றாமவன் இரண்டும் தருவதாகச் சொன்னான், ஆனால் இவரை "அங்கிள்" என்று கூப்பிட்டான். மூன்றும் தள்ளுபடி. "டிபார்ட்மென்ட்டே செய்யும்" என்று முடிவாயிற்று. டிபார்ட்மென்ட் என்பது இவரும் கீழ் ஃப்ளாட் செல்வராஜும்.

செல்வராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். விமானப்படை என்றால் விமானம் ரிப்பேர் பார்த்திருப்பார் என்று என் கணவர் தீர்மானித்துவிட்டார். செல்வராஜ் சர்வீஸ் முழுக்க கேன்டீன் ஸ்டோரில் அரிசி பருப்பு எடை போட்டவர் என்பது அவர் மனைவி செல்வி சொல்லி எனக்குத் தெரியும். அவர் அதை மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இருவரும் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளுக்குப் போய், கண்ணாடியை ஒரு டெம்போவில் கல்யாணப் பெண்ணைப் போல அழைத்துவந்தார்கள். கூடவே ஒட்டுகிற கறுப்புப் பசை இரண்டு ட்யூப், அதைப் பிதுக்கும் துப்பாக்கி, டைல்ஸ் போடுகிறவர்கள் கல் தூக்கும் ரப்பர் பிடி இரண்டு. மற்ற கருவிகள் எல்லாம் என் வீட்டிலிருந்தே பறிமுதல் செய்யப்பட்டன.

ஞாயிறு காலை எங்கள் கட்டடத்துக்குக் கீழே, தூண்களுக்கு நடுவில் இருக்கும் பார்க்கிங்கில் வேலை தொடங்கியது. முதலில் வைப்பர்களைக் கழற்றினார்கள். பிறகு அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டையை நெம்பியபோது அதன் கிளிப்புகளில் பாதி உயிரை விட்டன. கழற்றிய நட்டுகள் தொலையாமல் இருக்க என் கடுகுக் கிண்ணம் போயிற்று. கடுகு எங்கே என்று கேட்டேன். வெந்தயத்தோடு இருக்கிறதாம்.

பழைய கண்ணாடியைப் பசையிலிருந்து அறுத்தெடுக்க மெல்லிய உருக்குக் கம்பி வேண்டும். ஒருவர் வண்டிக்குள்ளே, ஒருவர் வெளியே நின்று, ரம்பம் இழுப்பதுபோல மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். கம்பி எங்கே கிடைத்தது என்று நான் கீழே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் வீணையின் கம்பி. அதன் இரண்டு முனையும் என் இரண்டு சப்பாத்திக் குழவியில் சுற்றப்பட்டிருந்தன.

"ஏன்னா, வீணைக் கம்பியையா எடுத்தேள்?"

"நீ வாசிச்சு எத்தனை வருஷமாச்சு?"

செல்வராஜ் எதிரில் அவமானப்படுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். கம்பி இரண்டு தடவை அறுந்தது. அது எழுப்பிய சத்தத்தைக் கேட்டு நாலாவது மாடி லீலாவதி பால்கனியிலிருந்து எட்டிப்பார்த்து, யாராவது பாட்டு கற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டாள்.

மத்தியானத்துக்குள் பழைய கண்ணாடி வெளியே வந்துவிட்டது. சொல்லப்போனால் எனக்கே ஆச்சரியம். சாப்பிட்டு, அரசாங்க ஊழியருக்கு உரிய தூக்கத்தையும் முடித்துவிட்டு, இருவரும் சட்டத்தை பிளேடால் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். பிறகு பசையைப் பிதுக்கினார்கள். நான் மாடியிலிருந்து பார்த்தேன். முறுக்கு பிழிகிற மாதிரி சீராக, ஒரு இடத்திலும் அறுபடாமல் சுற்றி வந்திருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக இந்த மனிதர் கையால் ஒரு காரியம் உருப்படியாக நடக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வண்டி எனக்குத்தான் என்று மனது கணக்குப் போட்டுவிட்டது. மறுநாள் சாயங்காலம் வருகிறேன் என்று விஜயலக்ஷ்மிக்குப் போன் பண்ணிச் சொல்லியும்விட்டேன்.

நடுவில் கை கழுவ மேலே வந்தார். கழுவிவிட்டு, சமையலறையில் நான் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கேஸ் சிலிண்டர் வந்த தேதியைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் காபியோடு கீழே போனபோது, புதுக் கண்ணாடி தூணில் சாய்ந்திருந்தது. இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வராஜ் முகம் சரியில்லை.

"என்ன, உட்கார்ந்துட்டேள்?"

"பசை கொஞ்சம் ஊறணும்" என்றார் இவர்.

பசை ஊறுமா, அரிசியா அது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களிடம் நமக்கு எப்போதும் ஒரு மரியாதை. ஆறு மணிக்கு மேல் இருவரும் ரப்பர் பிடியால் கண்ணாடியைத் தூக்கி, சட்டத்தில் வைத்து அழுத்தி, நாலு பக்கமும் டேப் ஒட்டினார்கள். பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருந்தது. அர்விந்துக்கு போட்டோ போயிற்று. ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது, பார்ட்டி வர வேண்டாம் என்ற பேச்சு வரவில்லை.

திங்கள் காலை, பார்ட்டி வருவதற்குள் ஒரு சுற்று சுற்றிவரலாம் என்று நான் வண்டியில் ஏறினேன். ஜன்னல்கள் எல்லாம் ஏற்றியிருந்தன. எப்போதும்போல கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான். உள்ளே அடைபட்ட காற்று வழி தேடிக்கொண்டது. கண்ணாடியின் மேல் விளிம்பு மெதுவாக, ஒரு சத்தமும் இல்லாமல், வெளிப்பக்கம் எழும்பி நின்றது. டேப் மட்டும் இல்லாவிட்டால் பானட்டில் படுத்திருக்கும். விரலை விட்டுப் பார்த்தேன். பசையின் மேலே பாலாடை மாதிரி தோல் கட்டியிருந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

இதோடு வெளிவட்டச் சாலையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே கீழே இறங்கினேன். முதலில் கோபம் வந்தது. வண்டி போய்விட்டது, இனி கேபுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. இவரோடு வழியனுப்ப வந்து நின்ற செல்வராஜை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.

"மாமி, என்னைப் பார்க்காதீய. ட்யூப்லயே போட்டிருக்கான், தடவின பத்து நிமிசத்துக்குள்ள வச்சிரணும்னு. நான் சாருட்ட படிச்சே காட்டினேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேள்?"

செல்வராஜ் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் டயரைப் பார்த்தார்.

"ராகு காலம்னுட்டாக" என்றார் செல்வராஜ்.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு ராகு காலம், அது எனக்கும் தெரியும். ஆனால் இந்த மனிதர் வேலையில் சேர்ந்தது ராகு காலத்தில். இந்த ஃப்ளாட்டுக்கு முன்பணம் கொடுத்தது எமகண்டத்தில். நான் காலண்டரைப் பார்த்தால் "உன் கெஜட்ல என்ன போட்டிருக்கு?" என்று நாற்பது வருஷமாகக் கேலி செய்கிறவர்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து இந்த நம்பிக்கை எல்லாம்?"

"எனக்கு நம்பிக்கை இல்லை" என்றார் எரிச்சலாக. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "என் காரியமா இருந்தா எந்த நேரத்துல வேணா வெச்சிருப்பேன். இதுக்குப் பின்னாடி நீ இல்ல உட்காரப் போறே?"

செல்வராஜ் நல்ல மனிதர். அந்த நேரம் பார்த்து அவருக்குக் கடுகுக் கிண்ணத்தைத் தேட வேண்டியிருந்தது.

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பயந்து, என்னைக் கொல்லக்கூடிய ஒரு கண்ணாடியை மாட்டி வைத்திருக்கிறார். திட்டுவதா, கையைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று டேப்பை உரித்தேன்.

"கண்ணாடியை எடுங்கோ. ஜல்தி. பின் சீட்ல மெத்தை போட்டுப் படுக்க வையுங்கோ. அங்கிள்னு கூப்பிட்டானே, அவன் கடைக்குப் போறோம்."

"கண்ணாடி இல்லாமலா ஓட்டப் போறே?"

"ஒட்டாத கண்ணாடிக்கு இல்லாத கண்ணாடி மேல்."

பின் சீட்டு முழுக்கக் கண்ணாடி படுத்துக்கொண்டது. இவர் இத்தனை நாளும் என் வண்டியில் பின் சீட்டில், இடது ஓரத்தில்தான் உட்காருவார். ஜாயின்ட் செக்ரெட்டரிகள் அப்படித்தான் உட்காருவார்களாம். இப்போது வேறு வழியில்லாமல் முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பெல்ட் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டுப் போட்டுக்கொண்டார். சொசைட்டிக்குள்ளேயே அனல்காற்று நேராக முகத்தில் அடித்தது. டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெதுவாகப் போ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

கேட்டை நெருங்கினோம். செக்யூரிட்டி பக்கத்தில் கையில் போனோடு ஒருவன் நின்றிருந்தான். முன்னால் ஒன்றுமே இல்லாத வண்டியையும், காற்றில் தலை கலைந்த எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். போனில் இருந்த படத்தைப் பார்த்தான். பிறகு கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தின் வழியாகவே தலையை நீட்டி, அர்விந்த் ஜி விற்பதாகப் போட்டிருந்த வண்டி இதுதானா என்று ஹிந்தியில் கேட்டான்.

நான் இவரைப் பார்த்தேன். டீல் டீல்தான். கண்ணாடி நிற்கவில்லை, வண்டி வாங்க வந்தவனுடையது. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் பயணப்படி பில்லில் ஒரு ஆட்டோ கட்டணத்தைக்கூடக் கூட்டிப் போடாத மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நஹீ பையா" என்றார் சேஷன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "வோ காடி தோ பிக் கயீ."

அந்த வண்டி விற்றுப் போய்விட்டதாம். செக்யூரிட்டி கேட்டைத் திறந்தான். நான் கியரைப் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம், கண்ணாடிதான் இல்லையே.