தரை தொடாத பாட்டுப்பெட்டி

நாற்பத்து நாலாம் வருஷம் ஆடிக்கிருத்திகைக்கு மறுநாள் திருத்தணியில் கத்தரிக்காய் விலை ஏறியது. ஜவுளிக்கடை பஞ்சாட்சரம் வீட்டுக் கிராமபோன் தரையை விட்டு ஒரு முழம் ஏறியது. கத்தரிக்காய் பிறகு இறங்கிவிட்டது.

சென்னையிலிருந்து பெட்டி வந்த நாள்முதல் அந்த மனிதருக்கு ஒரே ஆசை: ஒரு பாட்டையாவது கடைசி வரை கேட்டுவிட வேண்டும். பல்லவி தாண்டுவதற்குள் ஊசி துள்ளித் தொடக்கத்துக்கே ஓடிவிடும். பின்கட்டில் ஓடுகிற தறிகள்தான் வீட்டை ஆட்டுகின்றன என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். பெட்டிக்கு அடியில் தவிட்டு மூட்டை வைத்தார். அடுத்து சைக்கிள் டியூபில் காற்றடித்து, மேலே பலகை போட்டு உட்காரவைத்தார். யுத்தகாலம், டியூப் கிடைக்காமல் ஊரே நடந்துகொண்டிருந்தது. பெட்டி மட்டும் சொகுசாக இருந்தது. அதுவும் பலிக்காமல் தறிக்கயிற்றால் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார். ஊசி அப்போதும் துள்ளியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவர் தறிகளையே நிறுத்தினார். நெசவாளி எல்லப்பன் வீட்டில் அடுப்பும் நின்றது. ஊசியின் துள்ளல் மட்டும் நிற்கவில்லை.

மனைவி வரலட்சுமி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தறி இன்னாங்க பண்ணும்? பாட்டு கேட்டுகினே ஓங்கி ஓங்கித் தாளம் போடறீங்களே, அந்தக் காலுதாங்க வீட்ட ஆட்டுது."

"என் காலா? தாளம் கத்துகின காலுடீ இது!" என்று ஒரு மிதி மிதித்தார். உத்தரத்துக் கயிறு அறுந்தது. பெட்டி விழவில்லை. ஒரு முழ உயரத்தில் அந்தரத்தில் நின்றுகொண்டது.

அவர் கிட்டே போனால் ஊசி தானாக எழுந்துகொள்ளும். அவர் வாசல் தாண்டினால் இறங்கிப் பாடும். வரலட்சுமி நெசவாளிகளைத் திரும்பக் கூப்பிட்டாள். தறிகள் எல்லாம் ஓட, பாட்டு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. தெருவே வந்து கேட்டுவிட்டுப் போனது.

வருஷங்கள் போயின, சுதந்திரம்கூட வந்துவிட்டது. பஞ்சாட்சரம் மாலைதோறும் மலைப்படி அடியில் உட்கார்ந்திருப்பார். பார்த்தால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். எல்லப்பன் தறியை விட்டு எழுந்து வந்து அன்றைய பாட்டைப் பாடிக் காட்டுவான்.

"கடைசி அடி எப்பிட்றா?"

"அதுக்குத்தான் வந்துகினு கீறேன் மொதலாளி. கால மட்டும் ஆட்டாதீங்க."

கடைசி அடி நெருங்கும்போது பஞ்சாட்சரத்தின் கால் தன்னையறியாமல் படியைத் தட்டும். எல்லப்பனுக்குக் குரல் தடுக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான்.