பதினான்கு மஞ்சள் ஸ்டிக்கர்

பழைய லேப்டாப் ஒன்றை அவள் கையில் கொடுத்தால் முதலில் ஸ்விட்சைத் தொடமாட்டாள். மூடியை ஒற்றை விரலால் தூக்கிப் பார்ப்பாள். அடிப்பாகமும் சேர்ந்து எழுந்தால் கீல் இறுகிவிட்டது; மூடி தானாக மல்லாந்து விழுந்தால் கீல் செத்துவிட்டது. பிறகு மேசைமேல் வைத்து நான்கு மூலைகளையும் அழுத்துவாள். ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கரண்ட். திரை முழுக்க வெள்ளை போட்டுக் கரும்புள்ளி தேடுவாள். கீபோர்டில் யாரும் தொடாத மூலைச் சாவிகளைக்கூட ஒவ்வொன்றாகத் தட்டுவாள். கடைசியாகச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு வீடியோவை ஓடவிடுவாள். அது எப்போது அணைகிறதோ, அதுதான் அந்த லேப்டாப்பின் உண்மையான வயது.

அலுவலகங்கள் கழித்துப்போட்ட லேப்டாப்புகளை மொத்தமாக வாங்கி, துடைத்து, பழுது பார்த்து விற்கிற கம்பெனி அது. பன்னிரண்டு வருஷமாக அவள்தான் அங்கே பரிசோதகர். எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றார்கள். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் அப்படியே விற்கலாம். மஞ்சள் என்றால் ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். சிவப்பு என்றால் உதிரிபாகத்துக்கு மட்டும். “ஆயிரம் பேரைக் கொன்னவன்தான் அரை வைத்தியன். நீங்க எப்பவோ முழு வைத்தியராயிட்டீங்க டாக்டரம்மா” என்று பாக்கிங் பெண்கள் சிவப்பு ஸ்டிக்கர்களைக் காட்டிச் சிரிப்பார்கள்.

விற்பனை மேலாளர் அவளுடைய தம்பி. அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. படிக்கவைத்தது அவள், இந்தக் கம்பெனியில் முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியதும் அவள்தான். வந்த நாலாம் வருஷமே அவன் கண்ணாடி அறைக்குள் போய்விட்டான். வாய் இருக்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அவளுக்குப் பெருமைதான். அவன் கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவும் அவனோடு போய்விட்டாள். அக்கா மட்டும் பழைய வாடகை வீட்டில் தனியாக இருந்தாள்.

ஒருநாள் அவளுடைய பள்ளித்தோழி கம்பெனிக்கு வந்தாள். வேலையில்லாத பெண்களுக்குக் கணக்கு, தட்டச்சு, அலுவலக வேலை கற்றுக்கொடுக்கும் மையம் ஒன்றை நடத்துகிறவள். ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும்.

“நாப்பது லேப்டாப் வேணும்டி. புதுசு வாங்க எங்களுக்கு வக்கு இல்ல. சர்டிபிகேட் பரீட்சை ஒரு பெரிய ஹால்ல நடக்குது. அங்க பிளக் பாயிண்ட் நாலஞ்சுதான் இருக்கு. மூணு மணி நேரம் பேட்டரி தாங்கணும். அழகா இருக்கணும்னு அவசியமில்ல, தாங்கினாப் போதும்.”

“நான் பார்த்துத் தரேன்.”

“நீ பார்த்தாப் போதும். நான் வேற எதையும் கேக்கமாட்டேன்.”

அடுத்த வாரம் முழுவதும் அந்த நாற்பதோடுதான் அவள் குடித்தனம். எல்லாம் ஒரே அலுவலகத்திலிருந்து வந்த ஏழு வயதுக் கறுப்பு லேப்டாப்புகள். ரேம் போதும். டிஸ்க் நன்றாக இருந்தது. சூடும் அதிகமில்லை. இருபத்தாறு மூன்று மணி நேரத்தைத் தாண்டின. மீதிப் பதினான்கும் திறக்கும்போது நூறு சதவீதம் என்று காட்டிவிட்டு, ஐம்பது நிமிஷத்தில், ஒரு மணி நேரத்தில், கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி அணைந்தன. பதினான்கிலும் மஞ்சள் ஒட்டித் தனி ராக்கில் அடுக்கினாள். புது பேட்டரி தேவை என்று ரிப்போர்ட்டில் பதிந்து தம்பியிடமும் வாயால் சொன்னாள்.

“சொல்லிட்டே இல்ல, விடு. நான் பார்த்துக்கறேன்” என்றான்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன். தம்பி மனைவிக்கும் வேலை, தம்பிக்கும் வேலை. ஆஸ்பத்திரியில் நான்கு நாளும் அக்காதான். மூன்றாம் நாள், மருந்துச் சீட்டும் கையுமாக நடைவழியில் நின்றபோது தம்பி போன் செய்தான்.

“அக்கா, உன் பாஸ்வேர்டைச் சொல்லு. டீச்சர் மையத்து ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்கணும்.”

“நான் வந்து எடுத்துத் தரேனேடா.”

“இன்னிக்கே அனுப்பணும்க்கா. நான் என்ன ஊரான் வீட்டுப் பிள்ளையா?”

சொன்னாள்.

வேலைக்குத் திரும்பியபோது தனி ராக் காலியாக இருந்தது. “பேட்டரி வந்துச்சு, மாத்தி அனுப்பியாச்சு” என்றான் தம்பி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் தலையாட்டிவிட்டுத் தன் மேசைக்கு வந்தாள். மேசைக்குப் பின்னால் கழித்த பேட்டரிகளைப் போடும் இரும்புத் தொட்டி இருக்கிறது. மாதம் ஒருமுறைதான் அதைக் காலி செய்வார்கள். எட்டிப் பார்த்தாள். அவள் விடுப்பில் போவதற்கு முன் போட்ட மூன்று பேட்டரிகள் அப்படியே கிடந்தன. நான்காவது இல்லை.

போய்க் கேட்டிருக்கலாம். கண்ணாடி அறை இருபது அடி தூரம்தான். வேறெங்காவது போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மாவை அவன் வீட்டில் விட்டிருக்கிறோம், இப்போது போய் அவன் வாயைக் கிளறுவானேன் என்றும் நினைத்தாள். அடுத்த லேப்டாப்பை எடுத்து ஒற்றை விரலால் மூடியைத் தூக்கினாள்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. ஐம்பத்திரண்டாம் நிமிஷத்தில் முதல் லேப்டாப் அணைந்தது. அடுத்த அரைமணி நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இன்னும் பத்து இருண்டன. லேப்டாப் அணையும் தறுவாயில் இருந்த மூன்று பேரை மட்டும் அவசரமாகப் பிளக் பாயிண்ட் பக்கம் உட்கார வைத்தார்கள். மற்றப் பதினோரு பெண்களும் கறுத்துப்போன திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இடையில் நின்ற பரீட்சையைத் திரும்பத் தொடங்க முடியாது. அடுத்த வருஷம்தான் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி இந்தச் சர்டிபிகேட்டை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த துப்புரவு வேலையை முந்தின வாரம்தான் விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் ரிப்போர்ட்டுகளோடு வந்து முதலாளியின் மேசைமேல் போட்டாள். நாற்பதும் பச்சை. நாற்பதிலும் டாக்டரம்மாவின் பெயர்.

முதலாளி அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டார். அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். தான் ஐம்பத்தைந்து நிமிஷம் என்று பதிந்த இடத்தில் மூன்று மணி பத்து நிமிஷம் என்றிருந்தது. தம்பியைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று நினைத்தாள். திறந்தான்.

“சார், அக்காவைத் தப்பு சொல்ல முடியாது. அம்மா ஆபரேஷன், அலைச்சல். வயசும் ஆகுது இல்லையா? முன்ன மாதிரி கண்ணும் இல்ல, கவனமும் இல்ல. நானே சொல்லணும்னு இருந்தேன், வீட்டு விஷயமாச்சேன்னு விட்டுட்டேன்.”

அவன் குரலில் உண்மையான பரிதாபம் இருந்தது. அதைக் கேட்டு முதலாளி தலையை ஆட்டினார். டீச்சர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் வடிந்து, அதைவிட மோசமான இரக்கம் வந்தது. வேலியே பயிரை மேய்ந்த பிறகு பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்?

அன்று சாயங்காலம் டீச்சரைத் தேடி மையத்துக்குப் போனாள். வகுப்பு முடிந்து பெஞ்சுகள் காலியாக இருந்தன. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மஞ்சள் ஸ்டிக்கர், ஆஸ்பத்திரி நடைவழி, பாஸ்வேர்ட்.

“சரி, அவன்தான் மாத்தினான். திரும்பி வந்தப்ப உனக்குத் தெரியவே தெரியாதா?”

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் இரும்புத் தொட்டியும் மூன்று பேட்டரிகளும்தான் அவள் கண்முன் வந்தன.

“சந்தேகம் வந்துச்சு. கேக்கல.”

“ஏன்டி?”

“தம்பியாச்சே.”

டீச்சர் வெகுநேரம் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. பிறகு, “என்கிட்ட வந்து அழுது என்ன பிரயோஜனம்? எழுதிக் கொடு. அதை வெச்சுத்தான் உங்க முதலாளிகிட்ட பேட்டரி கேட்க முடியும். பரீட்சை நடத்துறவங்ககிட்டயும் பேச முடியும்” என்றாள்.

அவள் உடனே எழுதவில்லை. முதலில் அம்மாவிடம் போனாள். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள், பக்கத்தில் பிடித்து நடக்கிற வாக்கர். அவள் சொல்லிமுடிப்பதற்குள் அம்மா அழ ஆரம்பித்தாள்.

“அவனுக்குப் பொண்டாட்டி, பொண்ணு இருக்கு. நான் இருக்கேன். உனக்கு என்ன, ஒத்தக்கட்டை. கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான், அதனால நீ குருடாவா போயிட்டே?”

“பதினோரு பொண்ணுங்கம்மா.”

“அதுங்களுக்கு அம்மா இருப்பாங்க. அவங்க பார்த்துக்கட்டும்.”

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். வழி முழுக்க ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டு, இரண்டு பக்கத்துக்கு நடந்ததை எழுதி, தான் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததையும் எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி அந்தக் கடிதத்தை அவள் எதிரிலேயே இரண்டு தரம் படித்தார். கெட்ட மனுஷர் அல்ல. அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“நீங்க சொல்றது உண்மைதான்னு எனக்குத் தெரியும்மா. பேட்டரி வாங்கவே இல்லையே, ஸ்டோர்ல கேட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. அவன் விக்கறான், நீங்க நிறுத்தறீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் வெச்சுக்கணும்னா நான் யாரை வெச்சுக்குவேன்? பாஸ்வேர்டை வெளிய சொன்னது விதிப்படி தப்பு. அதைக் காரணமாப் போட்டுடறேன், வேற எதுவும் எழுத மாட்டேன். நீங்க வேற இடம் தேடறப்ப நல்ல வார்த்தை சொல்றேன்.”

பன்னிரண்டு வருஷத்துச் சாமான் ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது. இரண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு பூதக்கண்ணாடி, திரை துடைக்கும் துணி. பாக்கிங் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடி அறையில் தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

பதினான்கு பேட்டரிகளும் மாற்றப்பட்டன. டீச்சர் அதற்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: “பேட்டரி வந்தது. நன்றி.” அந்தப் பெண்களுக்கு மறுபரீட்சை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அவள் டீச்சருக்கு இரண்டுமுறை போன் செய்தாள். முதல்முறை ஒருத்தி எடுத்து, டீச்சர் வகுப்பில் இருப்பதாகச் சொன்னாள். இரண்டாம் முறை யாரும் எடுக்கவில்லை. துப்புரவு வேலையை விட்ட அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கத்தான் போன் செய்திருந்தாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய செல்போன் விற்கும் ஒரு கடையில் வேலை கிடைத்தது. கடைக்காரர் பரிசோதனைக்கெல்லாம் நேரம் கொடுப்பதில்லை. “ஆன் ஆகுதா? அப்ப வெளிய வைங்க” என்பார். அவள் ஆன் செய்து வெளியே வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தம்பி மனைவி சொல்லியனுப்பியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள். அம்மா கண்ணை மூடியபடியே, “வந்தியா?” என்றாள். கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொந்தக்காரர்களிடம் அம்மா சொல்லிவருவது அவள் காதுக்கும் வந்திருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் தம்பி ஒரு லேப்டாப்போடு நின்றுகொண்டிருந்தான். கறுப்பு. பச்சை ஸ்டிக்கர். பக்கத்தில் அவனுடைய மகள்.

“அக்கா, உக்காரு. இவளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு எடுத்துட்டு வந்தேன். நீ ஒரு தரம் பார்த்துடேன். இப்ப கம்பெனியில இருக்கிறவனுங்க ஸ்டிக்கர் ஒட்டத்தான் லாயக்கு. ஒருத்தனையும் நம்ப முடியல.”

அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். குத்தலா, சமாதானமா, மன்னிப்பா என்று தேடினாள். ஒன்றுமே இல்லை. மகளுக்கு நல்ல லேப்டாப் வேண்டும், அவ்வளவுதான். திரும்பிப் போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். “அத்தை, நாளைக்கு வகுப்பு ஆரம்பிக்குது” என்று பெண் மெல்லச் சொன்னாள்.

கை தானாகப் போய் ஒற்றை விரலால் மூடியைத் தூக்கியது. மூலைகளை அழுத்தினாள். வெள்ளைத் திரை போட்டாள். சாவிகளைத் தட்டினாள். சார்ஜரைப் பிடுங்கி வீடியோவை ஓடவிட்டு, அது அணையும்வரை அசையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை படிந்து ஆறியது. ஒரு மணி ஐந்து நிமிஷத்தில் திரை இருண்டது.

“பேட்டரி போயிடுச்சு” என்று பெண்ணிடம் சொன்னாள். “இடதுபக்கக் கீலும் இன்னும் ஆறு மாசம்தான். வேற கேளு.”

“அப்படியா? சரி, நாளைக்கே மாத்தி எடுத்துட்டு வரேன்” என்றான் தம்பி.

இன்னொரு தரம் பாரேன் என்று அவன் கேட்கவில்லை. நிச்சயமா என்றும் கேட்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அவன் சந்தேகப்படவில்லை. முதலாளி முன்னால் நின்று அவன் அப்படிப் பேசிய அன்றுகூட வராத அழுகை இப்போது வந்தது. குனிந்து சார்ஜரைச் சுற்றி வைத்தாள்.

“சாப்பிட்டுப் போக்கா” என்றான்.

“வேண்டாம்டா” என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அவள் தெருவில் இறங்குவதற்குள்ளேயே மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெயில் ஏறியிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. நடந்தே போய்விடலாம் என்று நடந்தாள்.