தங்கச்சி வயிற்றுப் பிள்ளை

பூங்காவனத்தின் நெற்றியில் பித்தளைக் குடம் மோதிய சத்தம் குழாயடியில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. ருக்மணி அதோடு நிறுத்தவில்லை. கீழே விழுந்தவளின் கொண்டையைப் பிடித்து முகத்தைச் சேற்றில் அழுத்தினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு. சொல்லுடி!"

மலடி தொட்ட குழாயில் பிள்ளைக்காரி தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று பூங்காவனம் சொல்லியிருந்தாள். அவள் அப்படிச் சொல்வது புதிதல்ல. ருக்மணி திருப்பி அடித்ததுதான் புதிது. வாய் திறந்து பேசாதவள் என்றே காஜா பேராங் கிராமத்தில் அவளுக்கு அதுவரை பேர். நாலு பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்தெடுக்க முடிந்தது.

அது நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம். ருக்மணிக்கு இருபத்தெட்டு வயது. ரப்பர் ஷீட் ஏற்றும் லாரியை ஓட்டிய நல்லையாவுக்கு வாழ்க்கைப்பட்டு பல வருஷமாகியிருந்தது. இருபத்து நாலு வயதிலேயே அவளுக்குத் தீட்டு நின்றுவிட்டது. முதலில் கர்ப்பம் என்று வீடே கொண்டாடியது. இல்லை என்று தெரிந்ததும் மாமியார் செமாபோக்கிலிருந்து ஒரு வைத்தியனை அழைத்து வந்தாள். வயிற்றில் குளிர் அடைத்திருக்கிறது என்று சொல்லி அவன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினான். மாமியார் ருக்மணியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நாத்தனார்கள் கால்மேல் உட்கார்ந்தார்கள். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் சூடு போட்டான். லாரியில் ஜோகூர் போய்த் திரும்பிய நல்லையா அந்தப் புண்ணைப் பார்த்த அன்றைக்கே மனைவியை அழைத்துக்கொண்டு வெளியேறினான். தாயோடு அதன்பின் அவன் பேசவில்லை.

பூங்காவனத்துக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். நல்லையா மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். பிறகு ருக்மணியையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். வெள்ளைக்கார டாக்டர் பரிசோதித்துச் சொன்னதை சாரதாம்பாள் என்ற நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னாள்.

"கர்ப்பப்பையில ஒண்ணும் கோளாறு இல்லம்மா. ஆனா பிள்ளைக்கு முட்டை வேணும் பாரு, அது உண்டாகுற எடம் வத்திப் போச்சு. சில பேருக்குச் சின்ன வயசுலயே இப்படி ஆயிருது. உன் குத்தம் இல்ல."

"பை நல்லாத்தான இருக்கு?"

"இருக்கு."

"அப்ப என் தங்கச்சிகிட்டேருந்து ஒண்ணு எடுத்து எனக்குள்ள வைங்க மிஸ்ஸி. கேட்டா அவ தருவா. ஒரே ரத்தம்தான?"

சாரதாம்பாள் சிரிக்கவில்லை. டாக்டரிடம் அதை அப்படியே சொன்னாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். உலகத்தில் எங்கேயும் அப்படிச் செய்ய முடியாது என்றார்.

தங்கச்சி கோகிலா குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தாள். அவளுக்கு மூன்று பெண்கள். புருஷன் கலியாணசுந்தரம் குடிக்க மாட்டான். அதனால் தோட்டத்தில் அவனுக்கு நல்ல பேர். அடிப்பதற்கு முன் சட்டையைக் கழற்றி மடித்து வைப்பான். பிறகு சைக்கிள் செயினை எடுப்பான். நாலாவதாக உண்டானதும் பெண்ணாகத்தான் இருக்கும் என்று மிதித்தே கலைத்தவன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை ருக்மணி சொன்னபோது கோகிலா மறுபடி முழுகாமல் இருந்தாள்.

"முட்டையா எடுக்க முடியாட்டி பிள்ளையா எடுத்துக்கக்கா. இது உனக்கு. இந்த ஒண்ணாச்சும் அடி படாம வளரட்டும்."

"உன் வீட்டுக்காரர் விடுவாரா?"

கேட்டார்கள். பெண்ணாக இருந்தால் கொண்டுபோகட்டும் என்றான் கலியாணசுந்தரம். ஆணாக இருந்தால் தன் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

அடுத்த வருஷம் ஜூலையில், காஜா பேராங் வீட்டில் கோகிலாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. அவள் வியர்வையோடு எழுந்து உட்கார்ந்து அக்காளின் கையைப் பிடித்தாள்.

"பொண்ணுன்னு சொல்லி அனுப்பு."

"கோகி, தெரிஞ்சா உன்னைக் கொன்னுருவான்."

"பொண்ணுன்னு சொல்லு!"

அப்படியே சொல்லி அனுப்பினார்கள். உடம்பு கொஞ்சம் தேறியதும் கோகிலா பால் வற்றட்டும் என்று மார்பைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினாள். ருக்மணி பிள்ளைக்கு டின் பால் கரைத்துக் கொடுத்தாள். மருதமுத்து என்று பெயர் வைத்தாள். அவன் தூங்கும்போதும் பக்கத்தை விட்டு நகர மாட்டாள்.

ருக்மணி குழாயடியில் பிள்ளையைக் குளிப்பாட்டியபோது அது ஆண் பிள்ளை என்று பூங்காவனம் பார்த்துவிட்டாள். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனாள். அவளுடைய அண்ணன் கோகிலா இருந்த அதே தோட்டத்தில் வேலை செய்தான். சேதி கலியாணசுந்தரத்தின் காதுக்குப் போக அவ்வளவு போதும்.

மெர்டேக்கா நாள் பக்கத்தில் வந்திருந்தது. அன்று பிற்பகல் கம்போங்கில் பாதிப் பேர் அலங்கார வளைவுகளைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்தார்கள். நல்லையா பின்பக்கம் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். ருக்மணி அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தாள். கதவு உதைபட்டுத் திறந்தது.

கலியாணசுந்தரம் ஒரு கையில் பாராங் கத்தி வைத்திருந்தான். மறு கையில் கோகிலாவின் தலைமுடி. அவளுடைய இடது மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது. அவளை உள்ளே தள்ளிவிட்டு ஏணையைப் பார்த்தான்.

"என் மவன ஏணையில ஆட்டுறியா, மலடி?"

"கிட்ட வராத. பிள்ளை தூங்குறான்."

அவன் ஏணைத் துணியை வெட்டினான். விழுந்த பிள்ளையின் காலைப் பிடித்துத் தூக்கினான். தலைகீழாகத் தொங்கிய பிள்ளை வீறிட்டது. ருக்மணி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் எலும்பில் படும்வரை கடித்தாள். பாராங் அவள் தோளில் இறங்கியது. அவள் வாயை எடுக்கவில்லை. அவன் பிடி தளர்ந்து பிள்ளை நழுவியபோது அதைத் தன் உடம்பால் மூடிக் குப்புற விழுந்தாள். முதுகில் உதை விழுந்தது. மறுபடி விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த நல்லையா வெறுங்கையால் கத்தியைப் பிடித்தான். இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. அப்படியும் அவன் விடவில்லை. கட்டிப்புரண்டு இருவரும் சுவரில் மோதினார்கள். கலியாணசுந்தரம் கத்தியை உருவிக்கொண்டு ஓங்கினான்.

கோகிலா நல்ல கையால் அடுப்பிலிருந்த பானையைத் தூக்கினாள். கொதிக்கும் நீர் முழுவதையும் அவன் கழுத்திலும் முதுகிலும் கொட்டினாள். அவன் போட்ட கூச்சல் மூலைக்கடைவரை கேட்டிருக்க வேண்டும். கடைக்காரச் சீனர்தான் போலீசுக்கு ஃபோன் போட்டார். அவர்கள் வரும்போது கலியாணசுந்தரம் தோல் உரிந்து தரையில் புரண்டுகொண்டிருந்தான். கோகிலா காலிப் பானையை ஓங்கியபடி அவன் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

கோர்ட்டில் அவனுக்குச் சிறை கிடைத்தது. அவனுடைய வீட்டார் மூன்று பெண்களையும் கொண்டுவந்து காஜா பேராங் வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

ருக்மணி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், இன்னும் வற்றாமல் இருந்த தன் பாலைக் கோகிலா பிள்ளைக்குக் கொடுத்தாள். தோளில் கட்டோடு ருக்மணி வீடு திரும்பிக் கை நீட்டியபோது பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. புட்டியைத் துப்பியது. அவள் மடியில் வைத்தால் மூச்சு முட்ட அழுதது.

"கொஞ்ச நாள் விடுக்கா, தானா வருவான்," என்றாள் கோகிலா. "இப்ப எங்கிட்ட குடு. பசிக்குது அவனுக்கு."

"ஏன், உன் மவன்னு சொல்ல வர்றியா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"குடுத்துட்டுத் திருப்பிப் புடுங்கப் பாக்குற!"

ருக்மணி ஓங்கி அறைந்தாள். கோகிலா சுவரில் மோதினாள். மறுபடியும் அறைந்தாள். மூன்றாவது முறை கையை ஓங்கியபோது கோகிலா அப்படியே குந்தி, கட்டுப் போட்ட கையால் தலையை மூடிக்கொண்டாள். மூன்று பெண்களும் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கினார்கள். யாரும் அழவில்லை. எந்த இடத்தில் எப்படி ஒடுங்க வேண்டும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்தது.

ருக்மணியின் கை மேலேயே நின்றது. கையை இறக்கிக்கொண்டு தங்கச்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். கோகிலா ரவிக்கையைத் தளர்த்தினாள்.

"குடுத்தது குடுத்ததுதான்க்கா," என்றாள். "அதுல மாத்தம் இல்ல. ஆனா நீயும் அடிச்சா, நாங்க எங்க போவோம்?"

ருக்மணி மேசைக்கு அடியில் இருந்த பெண்களைப் பார்த்தாள்.

மருதமுத்து ருக்மணியின் பிள்ளையாகத்தான் வளர்ந்தான். பால் மறந்ததும் அவள் பக்கத்திலேயே தூங்கினான். கோகிலா கிளேபாங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையில் வேலை தேடிக்கொண்டாள். சம்பளம் வந்ததும் முதலில் பெண்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். ருக்மணி அதற்குப் பிறகு யார்மேலும் கை ஓங்கவில்லை. ஆனாலும் கோகிலாவின் சின்னப் பெண் வெகு நாள்வரை பெரியம்மாவின் கைக்கு எட்டாத தூரத்தில்தான் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ருக்மணி அவளைப் பக்கத்தில் வா என்று கூப்பிடவில்லை. குழம்புச் சட்டியை மட்டும் அவள் பக்கமாக மெதுவாகத் தள்ளி வைப்பாள்.