நல்ல ஆளின் ரத்தம்

புதிதாக எந்த டெஸ்ட் கிட் வந்தாலும், முதலில் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தைப் போட்டுப் பார்ப்பது அந்தப் பரிசோதனைக் கூடத்து வழக்கம். அந்த ‘நல்ல ஆள்’ எப்போதும் அவள்தான். வருகிறவர்களுக்கு வலிக்காமல் ரத்தம் எடுப்பதில் அவளுக்குத் தனிப் பேர். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அவள் புருஷனோ, ஊரார் ரத்தத்தில் நாள் முழுக்கப் புழங்குகிற மனிதர், தன் கையில் ஊசி என்றால் மட்டும் கண் செருகிச் சாய்ந்துவிடுவார். கல்யாணமான புதிதில் அப்படிச் சாய்ந்ததை அவள் சொல்லிச் சிரிக்காத ஆள் பாக்கியில்லை.

இந்த முறை வந்த கிட், இதயக் குழாய் அடைப்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று ரத்தத்தை வைத்தே கணித்துச் சொல்வது. அவள் ரத்தத்தைப் போட்டதும் எண் எகிறி நின்றது.

“கிட்டுதான் கோளாறு,” என்றாள். கம்பெனிக்காரனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். பாவம், அவன் வேறு பெட்டி அனுப்பினான். அதிலும் அதே கதை.

“எனக்கே இவ்வளவு காட்டுதுன்னா நோயாளிங்க கதி என்னங்க? சாப்பிட்டு வந்து அவனை நேர்லயே வரச் சொல்றேன்.”

மாடியிலிருந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனவள் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். உடம்பு போட்டுவிட்டது என்று அவள் சொல்ல, அவரும் நம்பிக்கொண்டிருந்தார். இப்போது கீழேயிருந்து பார்த்தவருக்கு அந்த எண் நினைவுக்கு வந்தது.

நேரே இன்னொரு டெக்னீஷியனிடம் போய்க் கையை நீட்டினார்.

“எனக்கு எடும்மா. கேள்வி கேக்காத. விழுந்தா தூக்கி விடு.”

விழத்தான் செய்தார். எழுந்து உட்கார்ந்து, மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் எண்ணும் எகிற வேண்டும், கிட் தப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நோய் தனக்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேண்டாத தெய்வமில்லை. அவர் எண் சமர்த்தாகக் கீழேயே நின்றது.

அவள் போனும் கையுமாக இறங்கி வந்தாள். வெளுத்துப் போன அவர் முகத்தைப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள்.

“யாருங்க குத்துனது?”

அவர் பார்வை மெஷின் பக்கம் போனது. அவள் திரையை எட்டிப் பார்த்தாள். மறுபடி பஞ்சைப் பார்த்தாள். போனை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

“மயக்கம் வந்துச்சா?”

“லேசா.”

“என்கிட்ட கையை நீட்டியிருந்தா வலிச்சிருக்காதே.” அவள் அந்தப் பஞ்சை விரலால் அழுத்திவிட்டாள்.

“கெளம்பு,” என்றார் அவர். “டாக்டரைப் பாத்துட்டு வந்துரலாம்.”

அவர் கையைப் பிடித்து எழுப்பியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வம்புக்கு வந்தாள். “இனிமே நல்ல ஆளு நீங்கதான். புதுக் கிட்டு வந்தா நீங்கதான் கை நீட்டணும், தெரியுமில்ல?”

“தெனமும் நீட்டுறேன்,” என்றார். “குத்துறதுக்கு நீ இருக்கணும்.”