மாட்டு முதுகு உப்பாது

லென்னார்ட் தன் தோல் கடை மேசையில ரெண்டு தோலை விரிச்சுப் போட்டாரு. ஒண்ணு வெண்ணெய் மாதிரி மெத்துனு. இன்னொண்ணு விறைப்பா, குறுக்கால முள்கம்பி கிழிச்ச தழும்போட.

ஐனாவோட கை தானா மெத்துத் தோலுக்குத்தான் போச்சு. போன வருஷமும் இப்படி ஒண்ணுலதான் தான் சுமக்கிற சாப்பாட்டுப் பைக்கு வார் தச்சா. மழையில வார் ஜவ்வா இழுத்து, பை சரிஞ்சு, மாவும் காப்பித்தூளும் ஏரியோட போச்சு. பயணம் முழுக்க வெறும் மீன்தான்.

"இனிமே சாப்பாட்டுப் பை உனக்குக் கிடையாது. துடுப்பைத் தூக்கிட்டு வா, போதும்"னுட்டான் அண்ணன் வைனோ. மினசோட்டா வடக்குல, வருஷா வருஷம் படகையும் மூட்டையையும் தோள்ல சுமந்து ஏரிக்கு ஏரி நடக்கிற குடும்பம் அது. சாப்பாட்டுப் பை சுமக்கிறவங்க சொல்றதுதான் அங்க எடுபடும். அந்தப் பை அவளுக்குத் திரும்ப வேணும்.

ரெண்டு தோலோட ஓரத்தையும் பிடிச்சு இழுத்துப் பாத்தா. மெத்துத் தோல் நீண்டுச்சு. தழும்புத் தோல் அசையல.

"இது மாட்டுக்கு எந்த இடம்?"

"மெத்துனு இருக்கிறது வயிறு, தழும்பு முதுகு"ன்னாரு லென்னார்ட்.

ஐனா சிரிச்சுட்டா. "வயிறு, தின்னா உப்புற இடம். இழுத்தா நீளத்தானே செய்யும்! முதுகைக் குடுங்க."

"அந்தக் கட்டையையா தோள்ல மாட்டப்போறே?"ன்னான் கூட வந்திருந்த வைனோ. "லென்னார்ட், அந்த வயித்தை எனக்குக் குடுங்க. என் பைக்கும் வார் மாத்தணும்."

"அண்ணே, என் வார் ஒரு விரக்கடை நீண்டாலும் ஆயுசுக்கும் துடுப்பு தூக்குறேன். நீளலைன்னா?"

"பை உனக்கு. முதல் நடையில சுமந்து காட்டு."

பயணம் கிளம்பி, முதல் ஏரியிலேர்ந்து அடுத்ததுக்கு நடக்கையிலேயே மழை பிடிச்சுக்கிச்சு. புது வார் தோளை உரிச்சுச்சு. ஐனா பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தா, பையை எங்கயும் இறக்கல. அடுத்த ஏரிக்கரையில வாரைப் பாத்தா, கிளம்பும்போது கொக்கி பக்கத்துல அவ போட்டிருந்த பென்சில் கோடு மயிரிழைகூட நகரல.

ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வைனோ வந்தான். அவன் பை பின்பக்கம் தொங்கி, எட்டுக்கு எட்டு பொத்துப் பொத்துனு அடிச்சுது.

"என்னண்ணே, பை உங்களை அடிச்சு ஓட்டிட்டு வருதா?"

வைனோ அவ வாரைக் குனிஞ்சு பாத்தான், இழுத்தும் பாத்தான்.

"சரி, உன்னுதுதான்"னு முனகினான்.

"கேக்கல."

"சாப்பாட்டுப் பை ஐனாவுக்கு!"னு கத்தினான். எதிர்ப்பாறையும் அதையே கத்துச்சு.

"அப்ப நான் சொல்றேன், இங்கதான் அடுப்பு. விறகு நீங்க பொறுக்குங்க"ன்னா ஐனா.