தொண்ணூறு கிலோ பொம்மை

எங்கள் ஊரில் இரண்டு தீயணைப்பு நிலையங்கள். கிழக்கில் நான், மேற்கில் என் மனைவியின் தம்பி. வருடாந்தரப் போட்டி நெருங்கினால் எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே புகைய ஆரம்பித்துவிடும்.

ஒரு வருடம் கடைசிச் சுற்று வரை புள்ளிகள் சமம். மூன்றாவது மாடியில் கிடக்கும் பொம்மையைத் தோளில் போட்டு ஏணியில் இறக்க வேண்டும். பழைய சீருடைக்குள் மணல் அடைத்த பொம்மை. முகத்தில் புகைமூடி, தலையில் ஹெல்மெட். எங்கள் சார்பில் நான் ஏறினேன்.

தூக்கியதும் முதுகு 'கடக்' என்றது. மேற்குக்காரர்கள் மணலை நனைத்துவிட்டார்கள் போல என்று கறுவிக்கொண்டே இறங்கினேன். பாதி ஏணியில் பொம்மை தும்மியது.

எனக்கு உயிரே போய்விட்டது. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு இல்லையென்றால் இரண்டு பேரும் தரையில்தான்.

"மாமா, பாத்து! விட்டுடாதீங்க!" என்றது பொம்மை.

"நீயாடா?"

"நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு பசங்க பந்தயம் கட்டினாங்க..."

கீழே மேற்குக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் மூளை நன்றாக வேலை செய்தது. பொம்மையை ஸ்ட்ரெச்சரில் கட்டி ஆம்புலன்ஸில் ஏற்றினால்தான் போட்டி முடியும் என்பது விதி. கட்டினேன். விரல் நுழையாதபடி கட்டினேன்.

"மாமா, போதும். அவுத்துவிடுங்க."

"பொம்மை பேசாதுடா."

ஆம்புலன்ஸ் டிரைவர் எங்கள் ஆள். ஒரு கண்சிமிட்டல் போதுமாக இருந்தது. சைரன் போட்டு ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, அரை மணி கழித்துத்தான் மைத்துனனைத் திரும்பக் கொண்டுவந்தார்.

அதற்குள் நிஜப் பொம்மை மேற்கு நிலையக் குளியலறையில் அகப்பட்டது. நடுவரோ முகத்தில் சிரிப்பே வராத மனிதர். "ரெண்டு பேருக்கும் கிடையாது. கோப்பை இந்த வருஷம் என் மேஜையில இருக்கும்" என்று அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

இரவுச் சாப்பாட்டுக்கு மைத்துனனும் வந்திருந்தான். அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் முதுகில் தைலத்தோடு குப்புறக் கிடந்தேன்.

"என் தம்பியக் கட்டிப்போட்டீங்களாமே?" என்றாள் மனைவி.

"அவன் என் முதுகையே ஒடிச்சிட்டான்!"

"தொண்ணூறு கிலோவ மூணு மாடி எறக்கத் தெரியுது. போன மாசம் நான் கால் சுளுக்கி நின்னப்ப, என்னைப் பத்துப் படி தூக்கச் சொன்னதுக்கு இடுப்பு வலின்னீங்களே?"

மைத்துனன் மணிக்கட்டை மறந்து மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.