மண் தின்னாத பனியன்

விற்பதற்கு வைத்திருக்கும் புதுப் பனியனில் ஒரு டஜனை எடுத்து, "இந்தாம்மா, கொண்டுபோய் மண்ணில் புதைச்சுக்கோ" என்று ஒரு கடைக்காரர் கொடுத்தால் தெரு சும்மா இருக்குமா? வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று பார்த்தது. பனியன் கடைக்காரருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

வாங்கிக்கொண்டது அவர் பெற்ற மகள். கல்லூரியில் மண்ணும் சுற்றுச்சூழலும் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் படுத்துப் புரளாமல் ஆராய்ச்சி என்றால் என்னவென்று பழகட்டும் என்று கல்லூரி சிலரைப் பொறுக்கி எடுத்திருந்தது. அதில் இவளும் ஒருத்தி. கூடப் படிக்கிறவர்கள் வைத்த பேர் தராசு. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற அந்தச் சின்னத் தராசை விட்டு நகரமாட்டாள். தலையிலிருந்து உதிர்ந்த ஒற்றை முடியையும் நிறுத்துப் பார்த்தவள் என்றால் பாருங்கள்.

இவளோடு சேர்ந்தவன் நெட்டையாய், கழுத்தை நீட்டி நீட்டி நடக்கிற ஒரு பையன். ஒட்டகம் என்பார்கள், அவனும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பான். இரண்டு பேருக்கும் வழிகாட்டியாக, மேற்படிப்பு படிக்கிற பெண் ஒருத்தி. அவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் கடைத்தெருவின் கோடியில் இருந்தது. பழைய கிடங்கை இடித்துத் தள்ளிவிட்டு அப்படியே போட்டிருந்த வெறும் மனை. மரம் வைக்க வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று தெருக்காரர்களுக்கு ஆசை. சிமென்ட் தளம் போட்டு வண்டி நிறுத்த விட வேண்டும் என்று நகராட்சிக்கு எண்ணம். நகராட்சி இன்ஜினியர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "அது செத்த மண்ணுங்க. செங்கல் தூளும் சுண்ணாம்பும்தான். உயிர் இருக்குன்னு காலேஜ்ல இருந்து யாராவது காட்டினா, பாதியை உங்களுக்கு விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்ணில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. பருத்தித் துணியைப் புதைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருந்தால் துணியைத் தின்று ஓட்டை ஓட்டையாக்கியிருக்கும். கந்தல் கிடைத்தால் நல்ல மண், முழுத்துணி கிடைத்தால் செத்த மண். வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் இதற்குப் பனியனையும் ஜட்டியையும் புதைக்கிறார்களாம்.

எப்படி வருகிறது என்று பார்க்க, அக்கா தன் வீட்டுப் பக்கத்துக் கடையில் இரண்டு பனியன் வாங்கிக் கல்லூரிப் பூந்தோட்டத்தில் முதலில் புதைத்துவிட்டாள். மனைக்கு இன்னும் வாங்க வேண்டும் என்றதும்தான் பனியன் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என் கடை இருக்கும்போது வேற கடையில வாங்கறதா? போர்டைப் படிச்சீங்களா? கலப்பில்லாத பருத்தி! நான் உட்கார்ந்த நாள்ல இருந்து அதே போர்டு!"

எதிர்க்கடை சலூன்காரரைக் கூப்பிட்டுப் பையைத் தூக்கச் சொல்லி, ஊர்வலம் மாதிரி மனை வரைக்கும் வந்து, பிள்ளைகள் குழி வெட்டுவதை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு மாதம் ஓடியது. தோண்டினார்கள்.

முதல் பனியன் முழுசாக வந்தது. இரண்டாவதும் முழுசு. எல்லாமே அப்படித்தான். மண் நிறம் ஏறியிருந்ததே தவிர, ஒரு குண்டூசி ஓட்டை கிடையாது. கல்லூரித் தோட்டத்துப் பனியனோ தையலும் நாலு கந்தலுமாய் வந்தது.

ஆய்வுக்கூடத்தில் அலசி, காயவைத்து, ஒவ்வொன்றாய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

"இதை இஸ்திரி போட்டா நானே மாட்டிக்குவேன்" என்றான் ஒட்டகம்.

"உன் கழுத்துக்கு நுழையாது, சும்மா இரு" என்றாள் தராசு. சிரிப்பு வரவில்லை அவளுக்கு. அவள் பிறந்து வளர்ந்த தெரு அது. வெள்ளிக்கிழமை மனையில் தெருக்காரர்களும் இன்ஜினியரும் கூடுகிற கூட்டம். 'மண் செத்துவிட்டது' என்று அவள் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"குழிக்குள்ள மண்புழு இருந்துச்சேக்கா. நானே பார்த்தேன்."

"ஒரு புழுவை வச்சு முடிவு சொல்ல முடியாதும்மா. துணி என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதணும்."

மனசு சரியில்லை என்றால் சிலர் தூங்குவார்கள், சிலர் சாப்பிடுவார்கள். இவள் தராசுக்குப் போவாள். தோண்டின பனியன் ஒன்றை நிறுத்தாள். புதைக்காமல் மிச்சமிருந்த புதுப் பனியன் ஒன்றையும் நிறுத்தாள். திரும்ப நிறுத்தாள். பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இங்க வாங்களேன். இது பாதிதான் இருக்கு."

"எது?"

"எடை. எல்லாமே பாதிக்குப் பாதி. மண்ணு ஒட்டியிருந்தா எடை கூடத்தானே செய்யணும், எப்படிக் குறையும்? ஓட்டையே இல்லாம பாதிப் பனியன் எங்க போச்சு?"

அக்கா பனியனை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். வெங்காயத்தோல் மாதிரி மெலிந்திருந்தது. நூல் ஒன்றை உருவி, விளக்குச் சுடரில் காட்டினாள். நூல் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பு மணியாய் நின்றது. பூந்தோட்டத்துக் கந்தலிலிருந்து ஒரு நூல் எடுத்துக் காட்டினாள். அது காகிதம் போல எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலானது.

"பாலியஸ்டர் கலந்திருக்கு" என்றாள் அக்கா. "மண்ணு பருத்தியை மட்டும் தின்னுட்டு மீதியை அப்படியே விட்டிருக்கு."

"மீன்ல முள்ளை ஒதுக்கி வைக்கிற மாதிரியா?" என்றான் ஒட்டகம்.

"அதேதான்டா! செத்த மண்ணு இல்ல, நல்லாப் பசியோட இருக்கிற மண்ணு. தப்பு என்னோடது. ரெண்டு இடத்துக்கும் ஒரே துணியைப் புதைச்சிருக்கணும். தெரிஞ்சும் விட்டுட்டேன்."

ஒட்டகம் குதித்தான். அக்காவும் சிரித்தாள். தராசு மட்டும் அந்தப் புதுப் பனியனின் கழுத்துப்பட்டியில் தைத்திருந்த சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா கடைச் சீட்டு. கலப்பில்லாத பருத்தி.

சாயங்காலம் அப்பா கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏது, என் பனியனா? உங்க மெஷினு கெட்டுப்போயிருக்கும். போய் ரிப்பேர் பண்ணச் சொல்லு."

"நெருப்புல காட்டிப் பார்த்தோம்பா."

"என் சரக்கைக் கொளுத்தினீங்களா!"

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "எதுக்குக் கத்தறீங்க? மழைநாள்ல கூட உங்க பனியன் பொழுதுக்குள்ள காய்ஞ்சு நிக்குது. நான் இத்தனை நாளா என் துவைக்கிற கைராசின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"நீ வேற ஏண்டி எரியறதுல எண்ணெய் ஊத்தறே!"

சொன்னாரே தவிர, சட்டையைத் தூக்கி, போட்டிருந்த பனியனின் ஓரத்தில் ஒரு நூலை இழுத்தார். அடுப்பருகே போய்க் குனிந்தார். நூல் சுருண்டது. நகத்தால் அந்தக் கறுப்பு மணியை நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை. இன்னொரு நூல். அதுவும் அப்படியே.

மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார். பழகின ஆள், உறவுக்காரன் மாதிரி. அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு இந்தப் பக்கம் நின்ற மகளுக்கும் கேட்டது. "இந்த விலைக்கு இப்ப எவன் அண்ணே சுத்தப் பருத்தி தர்றான்? உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!"

போனை வைத்துவிட்டு வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோபமாய் இருந்தவரைச் சமாளிக்க அவளுக்குத் தெரியும். இப்படி உட்கார்ந்திருந்தவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை இதைச் சொல்லாம இருக்க முடியாதாம்மா? நல்ல பனியன் நானே வாங்கித் தர்றேன். திரும்பப் புதைச்சுப் பார்த்துட்டு அப்புறமாச் சொல்லுங்களேன்."

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகும்பா. வெள்ளிக்கிழமை நாங்க ஒண்ணும் சொல்லலைன்னா, திங்கக்கிழமை சிமென்ட் போட்டுடுவாங்க."

"போட்டாப் போடட்டும். மண்ணுக்கா மானம் போகுது? எனக்குத்தான் போகுது."

அவர் பொய் சொல்லச் சொன்னவர் இல்லை. ஒரு வார்த்தையை விழுங்கிவிடச் சொன்னார், அவ்வளவுதான். பெற்றவர் அப்படிக் கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் மறுப்பது சுலபம்? மறுநாள் முழுக்க அப்பாவும் மகளும் முகம் பார்த்துப் பேசவில்லை. "கூட்டத்துக்கு நான் வரலை" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மனையிலேயே நாற்காலி போட்டார்கள். இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். தராசு எழுந்து நின்றாள். தோண்டின பனியனை ஒரு கையிலும் புதுசை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, எதற்காகப் புதைத்தார்கள், என்ன எதிர்பார்த்தார்கள், என்ன வந்தது என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னாள்.

"முழுசாத்தானேம்மா இருக்கு?" என்றார் இன்ஜினியர்.

"முழுசா இருக்கிற மாதிரி இருக்கு சார். பிடிச்சுப் பாருங்க."

இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் ஏற்றி இறக்கிப் பார்த்தார், முகம் மாறியது. துணியில் பருத்தியோடு பாலியஸ்டர் கலந்திருந்ததை நூலை நெருப்பில் காட்டித் தெரிந்துகொண்டதையும், பருத்தியை மட்டும் மண் தின்றிருந்ததையும் அவள் விளக்கினாள். கடைப் பேரைச் சொல்லவில்லை. அது ஆராய்ச்சிக்குத் தேவையில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள்.

சலூன்காரர் விடுவாரா? காலை ஆட்டிக்கொண்டே கேட்டார்: "அது சரிம்மா. கலப்பில்லாத பருத்தின்னு சொல்லி அந்தப் பனியனைக் கொடுத்த மகராசன் யாரு?"

கூட்டம் சிரித்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. அக்கா எழுந்து, "அது இங்க முக்கியமில்லீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"ஏன், முக்கியம்தான்." பின்னாலிருந்து குரல் வந்தது. வரமாட்டேன் என்றவர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "நான்தான்யா கொடுத்தேன். உனக்குத் தெரியாதா? நீதானே பையைத் தூக்கிட்டு வந்தே?"

சலூன்காரர் காலாட்டுவதை நிறுத்தினார்.

"நான் ஏமாந்தேன். என்னை நம்பி நீங்க ஏமாந்தீங்க. போட்டுப் பிடிக்காதவங்க கடைக்கு வாங்க, பார்த்துக்கலாம். அது என் பாடு." இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "சார், ஒண்ணே ஒண்ணு. இதைச் சொல்லாதேன்னு நான் என் பொண்ணுகிட்டக் கேட்டேன். அது கேக்கலை. பெத்த அப்பன் கடையையே விட்டுக்கொடுத்துப் பேசுற பொண்ணு, ஒரு காலி மனைக்காகப் பொய் சொல்லும்னு நினைக்கறீங்களா?"

இன்ஜினியர் இரண்டு பனியனையும் மறுபடி ஏற்றி இறக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பக்கத்துப் பாதியில முதல்ல தளம் போடச் சொல்றேன். இந்தப் பாதியைத் தொடலை. நல்ல துணியைப் புதைங்க. கந்தலைக் கொண்டுவந்து என் மேஜையில போடுங்க, எழுதித் தந்துடறேன்" என்றார்.

அப்பா மகளைப் பார்க்காமலே கிளம்பினார். கொஞ்ச தூரம் போனவர் நின்று, "சாப்பிட வீட்டுக்கு வர்றியா, இல்ல இங்கயே மண்ணைத் தின்னுட்டு இருக்கப் போறியா?" என்றார். அவள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

வியாபாரம் படுத்தது, பொய் சொல்வானேன். பனியனைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்களும் உண்டு. சலூன்காரர் ஒரு வாரம் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பனியன் நூலைக் கொளுத்திப் பாருங்க என்று தீப்பெட்டியை நீட்டினார். கடைக்காரர் போர்டில் 'கலப்பில்லாத' என்ற வார்த்தையின் மேல் வெள்ளையடித்துவிட்டு, வேறு மொத்த வியாபாரியைத் தேடி ஊர் ஊராய் அலைந்தார். புதுச் சரக்கு வந்த அன்று அந்தச் சலூன்காரரே முதல் ஆளாய் வந்து இரண்டு வாங்கினார். "உங்க பழைய பனியன் போட்டா வேர்க்குது அண்ணே, உங்ககிட்டப் பேச்சு வாங்கினா இன்னும் வேர்க்குது" என்றார்.

விடுமுறை முடிந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமைகளில் தராசும் ஒட்டகமும் மனைக்கு வந்துபோனார்கள். இந்த முறை கல்லூரித் தோட்டத்திலும் மனையிலும் ஒரே பண்டலிலிருந்து எடுத்த பனியன்தான். அக்கா அதில் கறாராய் இருந்தாள்.

தோண்டுகிற நாளில் பனியன் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக் குழி ஓரத்தில் குந்தினார். ஒட்டகம் மண்வெட்டியால் மேல் மண்ணைத் தள்ள, தராசு கையால் துழாவினாள். முதலில் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு அவள் விரலில் ஏதோ மாட்டியது. மெதுவாய் இழுத்தாள். கழுத்துத் தையலும் கைத் தையலும் வளையம் வளையமாய் வந்தன. நடுவில் இருக்க வேண்டிய பனியனைக் காணோம்.

"போச்சா?" என்றார் அப்பா. "மொத்தமும் போச்சா?"

"மொத்தமும்பா!"

தன் சரக்கு மக்கிப் போனதற்காக ஒரு வியாபாரி கை தட்டிச் சிரித்ததைத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. அடுத்த குழி, அதற்கடுத்த குழி என்று எல்லாவற்றிலும் அதே கதை. பிள்ளைகள் இன்ஜினியருக்குக் கொண்டுபோகக் கந்தலைப் பையில் போட ஆரம்பித்தார்கள்.

அப்பா எழுந்திருக்கவில்லை. ஒரு தையல் வளையத்தை மட்டும் எடுத்து, மண்ணைத் தட்டி, வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் தின்னுச்சே, இந்த நூலை மட்டும் ஏன் விட்டுச்சு?"

தராசும் ஒட்டகமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள் அவள்.

அவர் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.